தாம்பூலத் தட்டில் பாக்கு இருக்கட்டும், வாய்க்குப் போக வேண்டாம்

வரும் முகூர்த்தங்களில் கல்யாணம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும், அந்தக் கல்யாணங்களை எடுத்து நடத்தும் சமையல் காண்ட்ராக்டர்களுக்கும், மண்டப நிர்வாகிகளுக்கும்,



பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்பே நீங்கள் பேசி முடிக்கும் காரியங்களில் இரண்டைப் பற்றி இந்த மடல். பந்தி முடிந்து வருபவர்களுக்கு வாயில் போட்டுக்கொள்ள என்ன வைப்பது என்பது ஒன்று. விடைபெறும்போது தாம்பூலப் பையில் என்ன போடுவது என்பது இன்னொன்று. வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு வைத்த தட்டு பழைய வழக்கம். பீடா ஸ்டால் பிற்பாடு வந்தது. தேங்காயோடும் வெற்றிலையோடும் சேர்த்து ஒரு பாக்குப் பொட்டலத்தையும் பையில் போடுவது இன்று எங்கும் நடக்கிறது. இவற்றில் பாக்கை மட்டும் மெல்லுவதற்குக் கொடுக்காதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். நிச்சயதாம்பூலத் தட்டில் பாக்கு இருக்கட்டும், மணவறையிலும் இருக்கட்டும். விருந்தினர் வாய்க்கு மட்டும் அது போக வேண்டாம். காரணம் ஒன்றுதான்: புகையிலை ஒரு துளிகூடச் சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும். புகையிலை கெடுதல் என்பதை நம் ஊரில் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று. பாக்கைப் பற்றிய உண்மை மட்டும் இன்னும் வீட்டுக்குள் வந்து சேரவில்லை.

இந்த உண்மை அறிவியலுக்கும் தாமதமாகத்தான் தெளிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலைபாக்கு மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று 1985இல் அறிவித்தது. புகையிலை சேராததைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அன்று சான்று போதவில்லை. இந்தியாவில் வெற்றிலை போடுபவர்களில் பெரும்பாலோர் புகையிலையும் சேர்த்தே போட்டார்கள். இரண்டையும் பிரித்து, எது எவ்வளவு கெடுதல் செய்கிறது என்று பார்ப்பது எளிதாக இருக்கவில்லை. அந்தப் பிரிவைக் காட்டிய இடங்களில் முக்கியமானது தைவான். அங்கே பாக்கு மெல்லும் பழக்கம் பரவலாக இருந்தது, ஆனால் அதில் புகையிலை சேர்ப்பதில்லை. அங்கும் வாய்ப் புற்றுநோய் பெருகியது. இப்படிச் சேர்ந்த சான்றுகளை எடைபோட்டு, 2004இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை இல்லாத வெற்றிலைபாக்கும், பாக்கு என்னும் அந்தக் கொட்டையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவையே என்று அதே முகமை முடிவு சொன்னது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் அதே முதல் பிரிவு அது. 2012இல் மறுபடி பரிசீலித்தபோதும் அந்த முடிவு மாறவில்லை. வாயோடு உணவுக்குழாயில் வரும் புற்றும் கணக்கில் சேர்ந்தது.

மெல்லுபவர்கள் பலர் சிகரெட்டும் பிடிப்பார்கள், குற்றம் அதனுடையதாக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் ஆய்வாளர்கள் புகைபிடித்தலின் பங்கைத் தனியே கழித்துவிட்டுக் கணக்கிடுகிறார்கள். அப்படிச் செய்த பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2014இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, இந்தியத் துணைக்கண்டத்தில் புகையிலை சேராத வெற்றிலைபாக்குப் போடுபவர்களுக்கு வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, போடாதவர்களைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு. தைவானில் அது சுமார் பதினொரு மடங்கு. புகையிலையும் சேர்ந்துவிட்டால் நம் பகுதியில் ஏழரை மடங்கைத் தாண்டுகிறது. புகையிலை சேரும்போது ஆபத்து பெருகுகிறது என்பதில் சந்தேகமில்லை. அதை எடுத்துவிட்டால் ஆபத்து போய்விடுகிறது என்பதுதான் தவறு.

பாக்கு வாய்க்குள் என்ன செய்கிறது என்பதும் ஓரளவு தெரிந்திருக்கிறது. அதில் அரிகோலின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. மென்றதும் உடம்பில் சூடு பரவுவதும், நெற்றி வியர்ப்பதும், சோர்வு நீங்கினாற்போல் இருப்பதும் அதன் வேலை. நரம்புகளில் நிகோட்டின் போய் உட்காரும் ஏற்பிகளிலும் அது செயல்படுகிறது. பழகியவர்கள் விட முடியாமல் திண்டாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதே பொருள் கன்னத்தின் உட்சவ்வுக்கு அடியில் நார்த்திசுவை அளவுக்கு மீறி வளரச் செய்கிறது. பாக்கில் உள்ள தாமிரம் அந்த நார்களை இறுகப் பின்னிவிடுகிறது. கூடச் சேரும் சுண்ணாம்பு, செல்களைத் தாக்கும் வினைப்பொருள்கள் உருவாக இடம் கொடுக்கிறது. நாளடைவில் சவ்வு வெளிறிக் கெட்டியாகிறது. காரம் பட்டால் எரிகிறது. வாயைத் திறக்கும் அளவு குறைந்துகொண்டே போய், ஒரு கவளம் சோற்றை உள்ளே வைப்பதே பாடாகிறது. இந்த நோயை 1952இல், கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் கண்டு ஒரு மருத்துவர் எழுதினார். வாய் நார்த்திசு நோய் என்று இன்று பல் மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். இருபது வயதைத் தொடாத பிள்ளைகளுக்கும் வருகிறது. பாக்கை நிறுத்தினால் அது மேலும் முற்றாமல் காக்க முடியும், ஆனால் இறுகிய சவ்வு பழையபடி இளகுவதில்லை. இந்நோய் கண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு அதே இடத்தில் புற்று தோன்றுகிறது.

இது எங்கோ சிலருக்கு நேரும் அபூர்வம் அல்ல. 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் உதடு, வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 1,43,000 பேர். இந்திய ஆண்களிடம் காணப்படும் புற்றுநோய்களில் இதுவே முதலிடத்தில் இருக்கிறது. அதே ஆண்டில் உலகம் முழுதும் தோன்றிய சுமார் 3,90,000 வாய்ப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 1,20,000, மெல்லும் புகையிலையாலும் பாக்காலும் வந்தவை என்று 2024இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இந்தியாவின் பங்கு அதில் 83,400. இலங்கையின் பங்கு 1,300. பரம்பரையை யாராலும் மாற்ற முடியாது. வயது ஏறுவதையும் தடுக்க முடியாது. இந்த 1,20,000 அப்படிப்பட்டவை அல்ல. கையால் எடுத்து வாயில் போடும் பொருளால் வருபவை.

உங்கள் மனத்தில் முதலில் எழும் மறுப்பு எனக்குத் தெரியும். நம் பாட்டனும் பாட்டியும் காலமெல்லாம் வெற்றிலை போட்டார்கள், அவர்களுக்கு என்ன வந்தது? வந்தது என்பதுதான் பதில். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், அன்றைய தென் திருவிதாங்கூரில், நெய்யூர் மிஷன் மருத்துவமனை என்று ஒன்று உண்டு. அங்கே அறுவை மருத்துவராக இருந்த ஆர் என்பவர், வெற்றிலை போடுபவர்களுக்கு வரும் வாய்ப் புற்றுநோய் பற்றி 1933இலேயே லான்செட் இதழில் கட்டுரை எழுதினார். நம் பாட்டனார் காலத்து நெய்யூருக்கு நோயாளிகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஊரில் அது கண்ணில் படாமல் போனதற்குக் காரணங்கள் உண்டு. நாடு விடுதலை அடைந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டு. வாய்ப் புற்று பெரும்பாலும் பல்லாண்டுப் பழக்கத்துக்குப் பின், நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் தலைகாட்டுவது. அம்மையும் காலராவும் காசநோயும் முந்திக்கொண்ட காலத்தில் அந்த வயதுவரை வாழ்ந்தவர்களே குறைவு. வாழ்ந்தவர்களுக்கு வந்தாலும் ஆறாத புண் என்று சொல்லி முடித்தார்கள். எண்பது வயதுவரை வெற்றிலை இடித்துப் போட்ட பாட்டி நம் நினைவில் நிற்கிறாள். ஐம்பதில் போன அவள் தங்கையை நாம் பார்த்ததேயில்லை. பிழைத்தவரை வைத்து மட்டும் ஒரு பழக்கத்தை எடைபோட்டால் எந்தப் பழக்கமும் நல்லதாகத்தான் தெரியும்.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒருவாய் போடுவதால் யாருக்காவது புற்றுநோய் வந்துவிடுமா? ஒருவாய்ப் பாக்கால் வந்துவிடும் என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். நாளுக்கு எத்தனை முறை, எத்தனை ஆண்டு என்பதைப் பொறுத்தே ஆபத்து கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் கல்யாண வீட்டில் விருந்தினருக்குக் கிடைப்பது அந்த ஒருவாய் மட்டும் அல்ல. பாக்கு நல்ல பொருள், மங்கலப் பொருள், பெரியவர்கள் முன்னால் வாங்கி மெல்லலாம் என்ற அனுமதியும் கூடவே கிடைக்கிறது. சிகரெட்டை எந்த வீட்டிலும் தட்டில் வைத்துப் பிள்ளைகளிடம் நீட்டுவதில்லை. இனிப்பு பீடாவை நீட்டுகிறோம். எட்டு வயதுப் பிள்ளை வாங்கிக்கொள்ளும்போது யாரும் தடுப்பதில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கு வெளியே பெட்டிக்கடைச் சரத்தில் தொங்கும் வாசனைப் பாக்கைப் பார்க்கும்போது, அது ஏற்கெனவே வீட்டில் அறிமுகமான பண்டம். வாசனைப் பாக்கிலிருந்து பான் மசாலாவுக்கும், அங்கிருந்து புகையிலை கலந்ததற்கும் போகும் படிகள் உயரமானவை அல்ல. தமிழ்நாட்டில் குட்காவும், புகையிலை கலந்த பான் மசாலாவும் 2013 முதல் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. தடை கடைக்காரரைக் கட்டும். முதல் அறிமுகம் நம் வீட்டு விசேஷத்தில் நடக்கும்போது அதைக் கட்டச் சட்டத்தால் ஆகாது. அதற்கு உங்களால்தான் ஆகும்.

தாம்பூலப் பையில் நீங்கள் போடும் பாக்குப் பொட்டலத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பாக்கு மெல்லுவது உடல்நலத்துக்குத் தீங்கானது என்ற எச்சரிக்கை அதன்மேல் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அரசே தீங்கு என்று அச்சிடச் சொன்ன பொருளை, மஞ்சள் குங்குமத்தோடு சேர்த்து, வாழ்த்த வந்தவர்களின் கையில் கொடுக்கிறோம். கொடுப்பவர் மனத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பட்டியலில் எப்போதும் இருக்கிறது, அதனால் இப்போதும் இருக்கிறது. பட்டியலை மாற்ற ஒருவர் வாய் திறந்தால் போதும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பண்பாட்டின் பேரால் எழும் மறுப்பை நான் மதிக்கிறேன். சிலப்பதிகாரத்தில் மதுரையில் கணவனுக்குச் சமைத்துப் பரிமாறிய கண்ணகி, உணவு முடிந்ததும் வெற்றிலையும் பாக்கும் கொடுக்கிறாள். அத்தனை பழமை அதற்கு. சம்பந்தம் பேசி முடித்ததற்கு அடையாளம் தாம்பூலம் மாற்றுவது. பெரியவர்களை அழைப்பதும் வெற்றிலைபாக்கு வைத்துத்தான். ஆனால் இந்தச் சடங்குகளில் எதுவும் பாக்கை மென்றால்தான் நிறைவேறும் என்று இல்லை. கொடுப்பதும் வாங்குவதும்தான் சடங்கு. தட்டில் வைக்கும் கொட்டைப்பாக்கை யாரும் அங்கேயே கடித்துத் தின்பதில்லை. ஆகவே மங்கலப் பொருளாக அது இருக்கும் இடத்தில் அப்படியே இருக்கட்டும். செரிமானத்துக்கும் வாய் மணக்கவும் வேண்டுமென்றால் அதற்கு நம் சமையலறையிலேயே வழி இருக்கிறது. வெற்றிலையின்மேல் புற்றுநோய்க் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. காம்பு கிள்ளிய வெற்றிலையில் சோம்பு, ஏலக்காய், துருவிய தேங்காய், கற்கண்டு வைத்து மடித்துக் கிராம்பு குத்திக் கொடுத்தால் விருந்தினர் குறை சொல்லப்போவதில்லை. சுண்ணாம்பும் வேண்டியதில்லை, பாக்கும் வேண்டியதில்லை.

பாக்கு விவசாயிகளின் கதி என்ன என்று கேட்பவர்களும் உண்டு. உலகிலேயே அதிகம் பாக்கு விளைவது இந்தியாவில், அதில் பெரும்பங்கு கர்நாடகத்தில். தமிழ்நாட்டிலும் சேலம் பக்கத்திலும் கூடலூரிலும் பாக்குத் தோப்பை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் கவலை உண்மையானது. அவர்களுக்கு மாற்றுப் பயிரும், மாறும் காலத்தில் வருமானத்துக்கு உத்தரவாதமும் தேடித்தருவது அரசின் கடமை. பாக்கு மட்டையில் தட்டு செய்யும் தொழில், மெல்லாமலே அந்த மரத்தால் பயன் உண்டு என்பதைக் காட்டியிருக்கிறது. பாக்கில் நல்ல குணங்களும் இருப்பதாகச் சில ஆய்வுகளைக் காட்டி வாதிடுகிறார்கள். பாக்கிலிருந்து பிரித்தெடுத்த சாறு ஆய்வகத்தில் ஏதோ நன்மை செய்வது வேறு. ஒரு மனிதன் முப்பது வருஷம் பாக்கைக் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பது வேறு. முன்னதைக் கொண்டு பின்னதற்கு நற்சான்று தர முடியாது. விவசாயியின் பிழைப்பைக் காப்பது நியாயம். அதற்கு விலையாக மெல்லுபவரின் வாயைக் கேட்பது நியாயம் ஆகாது.

புகையும் மதுவும் இதைவிடப் பெரிய கேடுகள் ஆயிற்றே, அவற்றை விட்டுவிட்டுப் பாக்கைப் பிடித்துக்கொள்வானேன் என்றும் கேட்கலாம். அவற்றைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. புற்றுநோய் ஆபத்தைக் குறைக்க விரும்பும் எவரும் செய்ய வேண்டியவை இன்று தெளிவாகத் தெரிகின்றன: புகையிலையை எந்த வடிவிலும் தொடாதிருப்பது, மதுவைத் தவிர்ப்பது, உடல் எடை ஏறாமல் பார்ப்பது, தினமும் உடம்பு அசைய வேலையோ நடையோ வைத்துக்கொள்வது, பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுக்கான தடுப்பூசி போடுவது. பாக்கு இவற்றிலிருந்து தனித்து நிற்பதும் இல்லை. பாக்கு, சிகரெட், மது மூன்றும் ஒருவரிடம் சேரும்போது வாய்ப் புற்றின் ஆபத்து, மூன்றும் இல்லாதவரைவிட 123 மடங்கு என்று 1995இல் வெளியான தைவான் ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஒன்றை எடுத்தாலும் மற்ற இரண்டின் பலம் குறைகிறது. எடையைக் குறைப்பதற்கு மாதங்கள் ஆகும், மதுவை விடுவது பலருக்குப் பெரும் போராட்டம். விருந்துப் பட்டியலிலிருந்து பாக்கை எடுப்பதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். சுலபமாகச் செய்யக்கூடியதை முதலில் செய்யச் சொல்கிறேன்.

ஏற்கெனவே பழகிவிட்ட பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள், உங்கள் சமையல் கூடத்தில் இரவெல்லாம் கண்விழித்து வேலை செய்பவர்களிலும் இருப்பார்கள். தூக்கத்தை விரட்டவும் பசியை மறக்கவும் பாக்கை அடக்கிக்கொள்பவர்களை ஏசுவதால் ஒன்றும் ஆகாது. அது பழக்கத்துக்கு அடிமையாக்கும் பொருள் என்பதை ஒப்புக்கொண்டு, விடுவதற்குத் துணை நிற்க வேண்டும். வயது ஆகிவிட்டது, இனி விட்டு என்ன பயன் என்பார்கள். பயன் உண்டு. பாக்கை நிறுத்தினால் வாய்ப் புற்றின் ஆபத்து குறைகிறது என்பதற்குப் போதுமான சான்று இருப்பதாக அதே பன்னாட்டு முகமை கூட்டிய நிபுணர் குழு முடிவு சொல்லியிருக்கிறது. புகையிலையும் சேர்த்துப் போடுபவர்கள் 1800 112 356 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். அதோடு மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், தடித்த இடம், மூன்று விரலைச் செங்குத்தாக வைக்க முடியாத அளவுக்குச் சுருங்கிய வாய், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அரசு பல் மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப் புற்றால் நேரும் சாவு 34 சதவீதம் குறைந்தது என்று 2005இல் அதன் முடிவு வந்தது. ஒரு விளக்கும் பழகிய கண்ணும் செய்த வேலை அது.

இனி நான் கேட்பது என்ன என்று திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டாரே, காண்ட்ராக்டரிடம் சாமான் பட்டியல் வாங்கும்போது சீவல், களிப்பாக்கு, பாக்குத்தூள், பாக்கு வைத்த பீடா என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். தாம்பூலப் பையில் பாக்குப் பொட்டலத்துக்குப் பதில் ஒரு கற்கண்டுப் பொட்டலமோ சோம்புப் பொட்டலமோ போடுங்கள். சாஸ்திரத்துக்குப் பாக்கு இருந்தே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் முழுக் கொட்டைப்பாக்கு ஒன்றைத் தட்டில் வையுங்கள், சீவியதையும் வாசனை சேர்த்ததையும் வைக்க வேண்டாம். மண்டப நிர்வாகிகளே, புகைபிடிக்கத் தடை என்று எழுதிய பலகையின் பக்கத்திலேயே பான் மசாலாவுக்கும் பாக்குக்கும் இடமில்லை என்று எழுதுங்கள். சமையல் காண்ட்ராக்டர்களே, உங்கள் கையில்தான் அதிகம் இருக்கிறது. ஒரு குடும்பம் மாறினால் ஒரு கல்யாணம் மாறும். நீங்கள் உங்கள் வழக்கமான பட்டியலில் பாக்கு பீடாவை எடுத்துவிட்டு வெற்றிலை சோம்பு பீடாவை எழுதினால், ஒரு தை மாதத்திலேயே நீங்கள் நடத்தும் அத்தனை கல்யாணங்களும் மாறும். யாராவது ஏன் பாக்கு இல்லை என்று கேட்டால் காரணத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள். பாக்கு புற்றுநோய் தரும், அதனால் வைக்கவில்லை என்று பந்தி முடிந்த இடத்தில் சொல்லப்படும் ஒரு வார்த்தை, மருத்துவமனைச் சுவரில் ஒட்டிய பத்துச் சுவரொட்டிகளைவிட அதிகம் பேர் காதில் விழும்.

அன்புடன்,
உங்கள் நலம் நாடும் ஒருவர்